டி குறைவு, பி12 குறைவு: மாத்திரை போட்டால் முடிந்ததா?

கேள்வி: கோவை வாசகர், 9 ஜூன் 2025

"வயது 41. ஐ.டி. வேலை. ஆபீஸில் செய்த முழு உடல் பரிசோதனையில் வைட்டமின் டி 14, பி12 168 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. சுகர், பிரஷர், தைராய்டு எல்லாம் சரி. கூட வேலை பார்க்கிற முக்கால்வாசிப் பேருக்கு இதே கதை. லேப்காரர்களும் மருந்துக் கம்பெனிகளும் சேர்ந்து நடத்துகிற வியாபாரம் இது என்கிறேன் நான். பேசாமல் இரண்டுக்கும் மாத்திரை வாங்கிப் போடுங்கள் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?"

9 ஜூன், இரவு

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. பாளையங்கோட்டையில் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் பார்மசிஸ்டாக நின்றே தலை நரைத்தவள் நான். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டி விஷயத்தில் வியாபாரம் நிறைய. பி12 அப்படி இல்லை. ரிப்போர்ட்டில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருப்பதால் உங்களுக்கு ஒரே மாதிரி தெரிகிறது. 41 வயதில், வலி கிலி இல்லாத ஆளுக்கு டி 14 என்றால் நான் பதற மாட்டேன். பி12 168 என்றால் விடமாட்டேன். பொதுவாக 200-க்குக் கீழே போனாலே குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அதைவிட, ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. "பி12 கம்மியாம், ஒரு அட்டை கொடுங்க" என்று வருவார்கள். எதனால் என்று டாக்டர் சொன்னாரா என்று கேட்டால், "அதான் ரிப்போர்ட்ல இருக்கே" என்பார்கள். ரிப்போர்ட்டில் அளவு இருக்கும், காரணம் இருக்காது. நீங்கள் சுத்த சைவமா? கேஸ் மாத்திரை தினமும் போடுகிற ஆளா? வயிற்றில் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா? சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

10 ஜூன்

கோவைக்காரர் பதில் போட்டுவிட்டார். சைவம். முட்டைகூட கிடையாது. தயிர் வாசனையே ஆகாது. நெஞ்செரிச்சலுக்குப் பல வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல். "அது இல்லாவிட்டால் நாளே ஓடாது" என்கிறார்.

வியாபாரம் என்றீர்களே, அந்தக் கேஸ் மாத்திரையை என்ன கணக்கில் வைப்பது?

பி12 மீன், கறி, முட்டை, பால், தயிரில்தான் இருக்கிறது. கீரையில் இல்லை, முருங்கையிலும் இல்லை. சாப்பிட்ட உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பிரிந்ததைப் பிடித்துக்கொள்ள வயிற்றுச் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். கடைசியில் சிறுகுடலின் அடிப்பகுதியில் போய்த்தான் உடம்பில் சேரும். இந்த வழியில் எங்கே தடை வந்தாலும் அளவு இறங்கும். உங்களுக்கு வரத்தும் குறைவு, வருகிற கொஞ்சத்தைப் பிரிக்க அமிலமும் குறைவு, அமிலத்தைக் குறைப்பதுதானே பான்டோபிரசோலின் வேலை. கல்லீரலில் இருப்பு சில வருடங்களுக்குத் தாங்கும் என்பதால் இதுவரை தெரியவில்லை.

டாக்டரிடம் போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். ரத்த அணுக்கள் அளவில் பெருத்திருக்கின்றனவா? மாத்திரை போதுமா, ஊசி வேண்டுமா? இந்த பான்டோபிரசோல் இன்னும் தேவைதானா? மூன்றாவதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரந்து, "பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் முடியாது" என்று மறுபடி அதிலேயே போய் விழுவீர்கள். ஆஸ்பிரின் போடுகிறவர்கள், அல்சர் வந்தவர்கள் சிலருக்கு அது கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. ஊசி போட ஆரம்பித்த பிறகு பி12 அளவு பார்த்துவிட்டு 2000 என்று வந்தால் பயப்படாதீர்கள். ஊசியில் போனதுதான் ரத்தத்தில் தெரிகிறது. பார்ப்பதை ஊசிக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

11 ஜூன்

சுருள்பாசி சாப்பிட்டால் சைவர்களுக்குப் பி12 கிடைக்கும் என்று கடையநல்லூர் வாசகர் எழுதியிருக்கிறார். அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலவே தோன்றும், உடம்புக்குப் பயன்படாத வேறு வடிவம். லேப் சோதனையையும் ஏமாற்றும். விட்டுவிடுங்கள்.

14 ஜூன்

டி பற்றிக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே வருகிறேன்.

நம் ஊரில் டி குறைவு என்றால் 60,000 யூனிட். சாஷே அல்லது ஜெல் மாத்திரை, வாரம் ஒன்று, எட்டு வாரம். இதுதான் வழக்கம். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்கிறது. அதாவது நூறு நாளைக்கு உரியது ஒரே மாத்திரையில் இருக்கிறது. குறைவு உள்ளவருக்கு வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதினால் தவறில்லை. ஆனால் அட்டையில் நான்கு இருக்கும். வாங்கிப் போகிறவர் மற்ற எல்லா மாத்திரையையும் தினம் ஒன்று போடுகிற பழக்கத்தில் இதையும் தினம் போடுவார். நான் அட்டையின் பின்பக்கம் பேனாவால் 'ஞாயிறு' என்று பெரிதாக எழுதிக் கொடுப்பேன். எழுதிக் கொடுத்த அட்டையை ஒரு பெரியவர் திங்கட்கிழமையே காலியாக எடுத்து வந்து, "அடுத்தது கொடும்மா, இது நல்லா வேலை செய்யுது" என்று நின்றிருக்கிறார். வயிறு சரியில்லை, தாகமாக இருக்கிறது என்று அதே மூச்சில் சொன்னார். உட்கார வைத்து டாக்டரிடம் அனுப்பினோம்.

பி, சி போன்றவை மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். பி காம்ப்ளக்ஸ் போட்ட அன்று மஞ்சளாகப் போகிறதே, அது ரைபோஃபிளேவின் என்கிற பி2, பயம் வேண்டாம். டி கொழுப்பில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி தாகம், குழப்பம், கிட்னியில் கல் என்று போகும்.

அமெரிக்காவில் 25,871 பேருக்கு தினம் 2000 யூனிட் டி அல்லது வெற்று மாத்திரை கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். வைட்டல் என்று பெயர். புற்றுநோயும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. 2022-ல் எலும்பு முறிவுக் கணக்கையும் வெளியிட்டார்கள், அதிலும் வித்தியாசம் இல்லை. அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு டி அளவு முதலிலேயே போதுமானதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024-ல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம், ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக டி சோதனை தேவையில்லை என்றே சொல்லிவிட்டது. ஆகவே கோவைக்காரரே, டி விஷயத்தில் உங்கள் கட்சி வலுவானது.

15 ஜூன்

"காலை ஆறு மணி இளம் வெயிலில் நடக்கிறேன், டி ஏன் ஏறவில்லை?" என்று நெல்லை டவுனிலிருந்து ஒருவர்.

இளம் வெயில் சுகமாக இருக்கும். டி உருவாக வேண்டிய புற ஊதாக் கதிர் அதில் இல்லை என்றே சொல்லலாம். சாய்ந்து வருகிற வெயிலில் அந்தக் கதிர் காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடும். திருப்பதியில் செய்த ஆய்வில் பகல் 11 முதல் 2 வரைதான் நன்றாக உருவானது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயிலில் டி வராது. கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். கத்திரி வெயிலில் நெல்லையில் 12 மணிக்கு யார் நிற்பது என்று கேட்காதீர்கள், நானும் நிற்பதில்லை. மொட்டை மாடியில் வற்றல் போடுகிற வேலையை யாராவது என் தலையில் கட்டினால் உண்டு.

17 ஜூன்

மேலே எழுதியதை நாங்குநேரி அம்மா ஒருவர் படித்துவிட்டு, தன் 78 வயது மாமியாரின் டி மாத்திரையை நிறுத்திவிடலாமா என்கிறார். நிறுத்த வேண்டாம்.

14-ஆம் தேதி எழுதியது 41 வயது ஆளுக்கு. நான் சொன்ன அதே 2024 பரிந்துரையில், 75 தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளைகள், சர்க்கரை வரும் நிலையில் இருப்பவர்கள் எல்லாரும் டி எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறது, மிதமான அளவில். வீட்டை விட்டே வெளியே வராதவர்கள், உடம்பு முழுக்க மூடி உடுத்துகிறவர்கள் கணக்கும் தனி. இடுப்பெலும்பு, தொடை வலியோடு, தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் அது உண்மையான டி குறைவு நோயாக இருக்கலாம். மாமியார் எழுவதைப் பாருங்கள்.

21 ஜூன்

என் அக்கா கதையைச் சொல்லிவிடுகிறேன், பி12-க்கு ஏன் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன் என்று புரியும்.

அக்காவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம். மெட்பார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையும் அதே அளவு காலம். உள்ளங்காலில் எரிச்சல், மதமதப்பு. நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். பின்னால் வருகிற நாங்கள் எடுத்து வருவோம். வீட்டில் சிரிப்பு வேறு. கேட்டவர்கள் எல்லாரும் "சுகர் நரம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நானும் கவுண்டரில் தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இளம் டாக்டர்தான் அவள் நாக்கை நீட்டச் சொன்னார். வழவழவென்று சிவந்து மேற்புறச் சொரசொரப்பே இல்லாமல் இருந்தது. பி12 பார்த்தார்கள், அடிமட்டம்.

மெட்பார்மின் நீண்ட காலம் போடுகிறவர்களுக்குப் பி12 குறையும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அவ்வப்போது சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. மெட்பார்மினை நிறுத்தச் சொல்லவில்லை, கவனியுங்கள். அது நல்ல மருந்து. ஊசி போட்ட பிறகு அக்காவின் எரிச்சல் பெருமளவு அடங்கியது. மதமதப்பு முழுக்கப் போகவில்லை. எவ்வளவு சர்க்கரையால், எவ்வளவு பி12-ஆல் என்று இனிப் பிரித்துப் பார்க்க முடியாது.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பூங்காக்களில் கூழாங்கல் பதித்த நடைபாதை போட்டிருக்கிறார்கள், வெறுங்காலில் நடந்தால் நரம்பு தூண்டப்படும் என்று. காலில் உணர்ச்சி சரியாக உள்ளவர்கள் நடக்கட்டும். மதமதப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். மதிய வேளையில் கோயில் பிரகாரத்துக் கல்லும் அப்படியே. சுடுவது தெரியாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு, ராத்திரி கொப்புளத்தைப் பார்த்து வந்து நிற்பார்கள். எட்டு வடிவ நடை நடக்கிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டே எட்டுப் போடலாம், அதனால் எட்டு கோபித்துக்கொள்ளாது.

22 ஜூன்

"நரம்புக்கு என்று கடையில் கேட்டால் சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அக்கா அதைப் போடவில்லையா?" போட்டாள். அதில் பி1, பி6, பி12 எல்லாம் கலந்து வரும். அந்த பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் போட்டால் அதுவே மதமதப்பை உண்டாக்கும். காலில் ஊசி குத்துகிறது என்று போடுகிற மாத்திரை, காலில் ஊசி குத்த வைக்கும். எங்கள் தொழிலில் இப்படியும் உண்டு.

29 ஜூன்

முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை போடும் பெண்கள் கவனத்துக்கு. கடந்த சில வருடங்களில் கவுண்டரில் அதிகம் ஓடிய சரக்கு அதுதான்.

பயோட்டினால் முடி வளருமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் அது ரத்தத்தில் இருக்கும்போது சில லேப் முறைகளில் தைராய்டு சோதனையைக் குழப்பிவிடும். தைராய்டைத் தூண்டுகிற டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கிற டி4 (வைட்டமின் டி இல்லை) உள்ளதைவிட அதிகமாகவும் காட்டும். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று ரிப்போர்ட் அடித்துச் சொல்லும், ஆளுக்கு ஒன்றும் இருக்காது. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரிக்கை விட்டது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்துங்கள். ஊசி குத்துகிறவரிடம் "சத்து மாத்திரைதான், மருந்து ஒன்றும் இல்லை" என்று சொல்லாதீர்கள். பேரைச் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கால்சியம், இரும்பு மாத்திரைகளைக் குறைந்தது நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை குடலில் சரியாக ஏறாது.

5 ஜூலை

இந்தக் கேள்வி-பதில் இழை மாத்திரையைப் பற்றியே சுற்றுகிறது, உடற்பயிற்சி பற்றி ஒரு வரி இல்லை என்று தூத்துக்குடி வாசகர் குறைப்படுகிறார். சரி.

என் அத்தான், அதாவது செருப்பைத் தொலைக்கிற அக்காவின் வீட்டுக்காரர், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இப்போதும் ஆள் கிண்ணென்று இருக்கிறார். அவரோடு ஓட்டிய டிரைவர்களில் பலருக்கு இதயப் பிரச்சினை. அத்தான் இதற்குத் தன் ராசியைக் காரணம் சொல்வார். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இதையே ஆராய்ச்சியாகச் செய்து 1953-ல் வெளியிட்டார். சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்கள். ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஒரே ஷிப்ட். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. வந்தவர்களுக்கும் தாமதமாக, லேசாக வந்தது. உடலுழைப்பும் இதயமும் பற்றி இன்று பேசுகிற பல விஷயத்துக்கு ஆரம்பம் அந்தச் சீட்டுக் கிழித்தவர்கள்தான்.

6 ஜூலை

உடனே ஒருவர் மடக்குகிறார்: "ஒல்லியான ஆள் கண்டக்டர் வேலைக்குப் போயிருப்பான், தொப்பைக்காரன் டிரைவர் வேலைக்குப் போயிருப்பான். வேலையால் வந்த வித்தியாசமா, ஆளால் வந்ததா?"

நல்ல கேள்வி. மோரிஸ் கூட்டத்தாருக்கும் இதே சந்தேகம். கம்பெனி தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார்கள். 1956-ல் அதற்கென்றே ஒரு கட்டுரை. டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே பெருத்த இடுப்போடுதான் சேர்ந்திருந்தார்கள். ஆக நேற்று நான் எழுதியதை அப்படியே முழுதாக நம்ப வேண்டாம். ஒரே அளவு இடுப்புக்காரர்களை ஒப்பிட்டபோதும் கண்டக்டர்கள் பக்கம்தான் நிலைமை நன்றாக இருந்தது என்று பின்னால் காட்டினார்கள், அதனால் முழுதாகத் தள்ளவும் வேண்டாம்.

அத்தானிடம் கால்சட்டை விஷயத்தைச் சொன்னேன். தன் பழைய காக்கி இப்போதும் இடுப்பில் ஏறுகிறது என்று போட்டுக் காட்டினார். பொத்தானைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

12 ஜூலை

பத்தாயிரம் அடி தினமும் நடக்க வேண்டுமா என்று மூன்று பேர்.

அந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. ஆராய்ச்சியில் கண்டுபிடித்த அளவு இல்லை. சராசரி 72 வயதுள்ள சுமார் 16,700 அமெரிக்கப் பெண்களைப் பார்த்த 2019 ஆய்வில், நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு நன்றாகக் குறைந்தது. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்கிறது. கூடவே தசைக்கு வாரம் இரண்டு நாள் பயிற்சி என்றும் சொல்கிறது, அந்த வரியை நம் ஆட்கள் படிப்பதே இல்லை.

வ.உ.சி. மைதானத்தில் காலையில் பாருங்கள். சுற்றிச் சுற்றி நடப்பார்கள், நடையைவிட வாய் வேகமாகப் போகும். யாரும் ஒரு கிலோ எடையைத் தூக்குவதில்லை. வயதான காலத்தில் விழுந்து இடுப்பு உடைகிறவருக்குத் தேவைப்பட்டது தொடையில் பலம். வீட்டில் பார்க்க ஒரு எளிய சோதனை: கைப்பிடி இல்லாத நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஆசிய நாடுகளுக்கென்று 2019-ல் வகுத்த அளவுப்படி 12 வினாடி ஆகிவிட்டாலே தசை பலம் குறைந்திருக்கலாம் என்று அர்த்தம். எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இப்போது தினமும் டிவி விளம்பரத்தின்போது எழுந்து உட்காருகிறேன். விளம்பரத்துக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை.

13 ஜூலை

நடையால் சர்க்கரை வராமல் தடுக்க முடியுமா, இல்லை அது சும்மா ஆறுதலா என்று கேட்டவருக்கு, சென்னையிலேயே செய்த ஆய்வு இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்டது. சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3. மெட்பார்மின் மட்டும் போட்டவர்களில் 40.5. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5.

அதாவது மாத்திரைக்குச் சமமாக நடை வேலை செய்தது. ஆனால் நடந்தவர்களிலும் பத்தில் நான்கு பேருக்கு வந்தது. வந்தவர்களைப் பார்த்து "நடந்திருந்தால் வந்திருக்காது" என்று யாரும் உபதேசம் பண்ணாதீர்கள். டி மாத்திரையால் சர்க்கரை தடுக்கப்படுமா என்று 2,423 பேரை வைத்து அமெரிக்காவில் பார்த்து 2019-ல் முடிவு சொன்னார்கள், தெளிவான பலன் தெரியவில்லை.

20 ஜூலை

ஏன் குறைந்தது என்று கேளுங்கள் என ஆரம்பத்தில் சொன்னேனே, அது பி12-க்கு மட்டும் இல்லை. கவுண்டரில் நின்ற காலத்தில் என் மனதில் தங்கியது இரும்புச் சத்து.

அறுபது தாண்டிய ஒருவர், மாதா மாதம் அதே இரும்பு டானிக் வாங்குவார். களைப்பு, ஹீமோகுளோபின் 8. "வயசாச்சு, சத்து பத்தல" என்பார். டானிக் குடித்தால் கொஞ்சம் ஏறும், அப்புறம் இறங்கும். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் காரணம் பெரும்பாலும் கண்முன் இருக்கும். ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் ரத்தம் எங்கேயோ கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மூலமாக இருக்கலாம், அல்சராக இருக்கலாம், கொக்கிப் புழுவாக இருக்கலாம். குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னது சீக்கிரம் தெரிந்தால் பிழைக்கிற நோய். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன். "டானிக் குடிச்சா அப்படித்தான் போகும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க" என்றார். சொன்னது உண்மைதான், இரும்பு குடித்தால் கறுக்கும். ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். அன்றைக்கு டானிக் கொடுக்காமல், குடல் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சண்டை போட்டு அனுப்பினேன். அவர் அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. பார்த்தாரா, கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடையில் வாங்கினாரா, தெரியாது.

21 ஜூலை

நேற்றைய பதிவைப் படித்து பயந்துபோய் நள்ளிரவில் எழுதியவருக்கு: 28 வயது, மாதவிடாயில் அதிகப் போக்கு, மூன்று வேளையும் சாப்பாட்டோடு டீ. உங்களுக்கு முதலில் மகளிர் டாக்டர். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளுங்கள், அதிலிருக்கும் பொருள் இரும்பை உடம்பில் ஏறவிடாது. எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் கூடுதலாக ஏறும்.

27 ஜூலை

திருச்செந்தூர் பக்கத்திலிருந்து ஒருவர்: "டெஸ்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வசதி இல்லாதவன் என்ன செய்வது?" பிரஷரும் சுகரும் பாருங்கள், இலவசமாகவே பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது, வீட்டுக்கே வந்து பார்த்து மாதாந்திர மாத்திரையும் கொடுக்கிறார்கள். பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி வையுங்கள், வந்த பெண்ணிடம் ஊர்க்கதை பேசாதீர்கள். பேசினால் ஏறும். ஐந்தாயிரம் ரூபாய் பேக்கேஜில் வருகிற அறுபது வரியில் உயிரைக் காப்பாற்றுகிற வரிகள் கொஞ்சம்தான், இந்த இரண்டும் அதில் சேர்த்தி.

3 ஆகஸ்ட்

புழுங்கல் அரிசியா, பச்சரிசியா என்று இழை திசை மாறிவிட்டது. மாறட்டும், எனக்குப் பிடித்த விஷயம்.

பி1 குறைந்தால் பெரிபெரி என்கிற நோய் வரும். நன்றாகத் தீட்டிய பச்சரிசியே சாப்பாடாக இருந்த ஆந்திராவின் வடகரையோரத்தில் அது இருந்தது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்ப் பகுதியில் அவ்வளவாக இல்லை. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். இந்தப் பெரிபெரி ஆராய்ச்சிக்காக 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தை ஆரம்பித்தார். எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தவர் அவர். அந்தக் கூடம்தான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

4 ஆகஸ்ட்

"ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள், தண்ணீரில் மிதக்கிறது, பொறுக்கி எறிகிறோம்" என்று கயத்தாறு வாசகர். படமும் போட்டிருக்கிறார். முறத்தில் வெள்ளையாய்க் கொஞ்சம் பளபளப்பாய்த் தனியாகத் தெரிகிற மணிகள்.

பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து அரிசி வடிவத்தில் அச்சில் தள்ளி எடுத்த மணி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலப்பது கணக்கு. சந்தேகம் இருந்தால் நாலு மணியைக் கல்லில் வைத்துப் பொடியுங்கள், மாவாகும். கோவைக்காரர் காசு கொடுத்து வாங்குகிற பி12-இல் கொஞ்சம் உங்கள் முறத்தில் இருக்கிறது. தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மற்றவர்கள் பொறுக்க வேண்டாம், களைகிற தண்ணீரை வடிக்கும்போது அந்த மணி மேலே மிதந்து போய்விடாமல் கையை வைத்து வடியுங்கள்.